பூஜ்ஜியம் போட்டது நியாயமா? உயிரியல் வகுப்பு விதிகள் பற்றி ஒரு தாயின் கேள்வி

பெயரைத் தவிர்க்கச் சொல்லி ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு 16 வயது. பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். கல்வியாண்டின் முதல் நாளே உயிரியல் ஆசிரியை நான்கு பக்க விதித்தாள் ஒன்றைக் கொடுத்து, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்டுத் தரச் சொன்னாராம். 'எல்லாப் பள்ளியிலும் கொடுப்பதுதானே' என்று இருவரும் முழுதாகப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மருத்துவ விவரம் கேட்ட பகுதியை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார் தாய். மகளுக்கு லேசான வீசிங் உண்டு, எப்போதாவது இன்ஹேலர் எடுப்பாள். 'நோயாளி' என்ற முத்திரை விழ வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

அதன் பிறகு வரிசையாகப் பிரச்சினைகள். இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் செய்முறையன்று, ஷூ நனைந்துவிட்டதால் மகள் விரல் தெரியும் செருப்போடு போயிருக்கிறாள். செய்முறையில் சேர்க்காமல் கடைசி மேஜையில் உட்கார வைத்து, நடத்தைக்கும் செய்முறைக்குமான மதிப்பெண்ணைக் கழித்துவிட்டார்கள். அடுத்தது, மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் என்சைம் வெவ்வேறு வெப்பநிலையில் எப்படி வேலை செய்கிறது என்ற செய்முறை. கூட்டாளியோடு சேர்ந்து செய்தபோது, 60 டிகிரியில்தான் மாவுச்சத்து மிக வேகமாக மறைந்தது. 'புத்தகத்தில் 37 டிகிரி என்றுதானே இருக்கிறது' என்று இருவரும் நோட்டில் ஒயிட்னர் தடவி எண்களை மாற்றி எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மகள் எழுதிய அறிக்கையைக் கூட்டாளி 'சும்மா பார்க்க' வாங்கி, பல பத்திகளை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். இருவருக்கும் பூஜ்ஜியம். அதோடு, 'காப்பி அடித்தவர்கள்' என்று வகுப்பில் எல்லோர் முன்னும் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது.

இன்னும் மூன்று வாரத்தில் பதப்படுத்திய தவளையை அறுத்துப் பார்க்கும் வகுப்பு வருகிறது. மகளுக்கு அதில் மனமில்லை. சொன்னால் மதிப்பெண் போகுமோ என்ற பயத்தில், அன்று காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார் தாய். 'தலைமை ஆசிரியரிடம் புகார் செய்யட்டுமா, இல்லை பாடத்தையே மாற்றிவிடட்டுமா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. அதில் ஒரு பகுதி முழுக்க நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம்தான் எனக்கு முதலில் கவலை தந்தது. செருப்பையும் பூஜ்ஜியத்தையும் பேசுவதற்கு முன் அதைப் பேசிவிடுவோம்.

காலியாக விட்ட மருத்துவப் பகுதி

அந்தப் பகுதியை நாளைக்கே நிரப்பிக் கொடுங்கள். ஆய்வகத்துக்குள் வரும் பல பொருட்கள் மூச்சுக்குழாயைச் சீண்டக்கூடியவை. பதப்படுத்திய விலங்கு மாதிரிகளில், பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் மிச்சம் இருக்கலாம். கண், மூக்கு, தொண்டை எரிச்சலோடு வீசிங்கையும் அது கிளப்பிவிடும். பூஞ்சை வளர்க்கும் செய்முறையில் வித்துகள் பறக்கும், பூக்களைப் பிரிக்கும் வகுப்பில் மகரந்தம். உங்கள் மகள் ஏற்கெனவே செய்து முடித்த அமைலேஸ் செய்முறையும் இந்தப் பட்டியலில் உண்டு. என்சைம் பொடியாக வந்தால் அதன் தூசி ஆஸ்துமாவைத் தூண்டலாம். பேக்கரிகளில் வேலை செய்கிறவர்களுக்கு அமைலேஸ் தூசியால் ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. வீசிங் உள்ள மாணவி இருப்பது தெரிந்திருந்தால், ஆசிரியை பொடியை முன்கூட்டியே கரைத்து வைத்திருப்பார், அல்லது மகளைப் பொடி எடை போடும் இடத்திலிருந்து தள்ளி நிறுத்தியிருப்பார். தெரியாதபோது அவரால் எதுவும் செய்ய முடியாது.

எழுத வேண்டியது நான்கைந்து வரிதான்: என்ன தொந்தரவு, எதனால் கிளம்புகிறது, என்ன இன்ஹேலர், எத்தனை பஃப், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிகிறாளா, ரப்பர் கையுறை பட்டால் அரிக்கிறதா என்பதையும் சேருங்கள். லென்ஸ் போட்ட கண்ணில் ரசாயனம் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். கழுவும்போதே லென்ஸையும் எடுத்துவிட வேண்டும். உதவிக்கு வருகிறவருக்கு லென்ஸ் இருப்பதே தெரியாவிட்டால் அந்த நிமிடங்கள் வீணாகும். லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை இருந்தால் நைட்ரைல் கையுறை கொடுப்பார்கள். இன்ஹேலர் பூட்டிய லாக்கரில் இருந்து பயனில்லை. ஆய்வகத்துக்கு வரும்போது கையோடு இருக்கட்டும், எங்கே வைத்திருக்கிறாள் என்று கூட்டாளிக்கும் தெரிந்திருக்கட்டும்.

முத்திரை விழும் என்ற உங்கள் பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. 'இந்த விவரம் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் முதலுதவிப் பொறுப்பாளருக்கும் மட்டும்' என்று மேலே எழுதிக் கொடுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. எந்தப் பொறுப்புள்ள பள்ளியும் மறுக்காது.

செருப்பு விஷயம்

'காலணிக்கும் கல்விக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் செய்முறையையே எடுத்துக்கொள்வோம். இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். பிறகு எத்தனால் உள்ள சோதனைக் குழாயில் இட்டு, அந்தக் குழாயைச் சுடுநீர் பீக்கருக்குள் நிறுத்திப் பச்சையத்தை நீக்க வேண்டும். எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் எத்தனால் புட்டியைத் திறப்பதற்கு முன்பே நீரைச் சூடாக்கிய விளக்கின் சுடரை அணைத்துவிடச் சொல்வார்கள். பச்சையம் போய் இலை வெளிறியதும் மீண்டும் வெந்நீரில் மென்மையாக்கி, வெள்ளை ஓட்டில் விரித்து, அயோடின் விடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் முப்பது பேர் நடமாடும் அறையில் ஒருவர் கை பட்டால் சுடுநீர் பீக்கர் மேஜை விளிம்பிலிருந்து நேராகப் பாதத்தில்தான் விழும். உடைந்த கண்ணாடியும் கீழேதான் கிடக்கும். கவர் ஸ்லிப் (நுண்ணோக்கியில் மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடி) துண்டு தரையில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. வெறும் விரலில் ஏறினால்தான் தெரியும்.

மூடிய காலணி, கண் கவசம், கட்டிய கூந்தல், உணவும் நீரும் உள்ளே வரக் கூடாது என்ற விதிகளில் எந்த ஆசிரியரும் ஒரு மாணவிக்கு மட்டும் விலக்குத் தர முடியாது. தந்து விபத்து நடந்தால் பொறுப்பு அவருடையது, காயம் உங்கள் மகளுடையது. எனவே நடத்தை மதிப்பெண் போனதை விட்டுவிடுங்கள்.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கேட்கலாம். தள்ளி உட்கார்ந்து பார்த்தாலும், குழுவின் முடிவுகளை வைத்து அவளால் அறிக்கை எழுத முடியும். அந்த அறிக்கைக்கு மதிப்பெண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் எழுதிக் கொடுக்க அனுமதி கேளுங்கள். செய்முறை மதிப்பெண்ணுக்காக மாற்று நாள் உண்டா என்றும் கேட்கலாம். உண்டு என்ற பதிலை எதிர்பார்க்க வேண்டாம். கரைசல்களும் உபகரணங்களும் ஒரு நாளைக்கென்று தயார் செய்யப்படுபவை. ஒருவருக்காக மறுபடி எல்லாம் அடுக்குவது பல இடங்களில் நடக்காத காரியம். ஒரு ஜோடி பழைய ஷூவைப் பள்ளியிலேயே வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் திரும்ப வராது.

எண்கள் பொது, எழுத்து தனி

'தரவு ஒன்று என்றால் அறிக்கையும் ஒன்றாகத்தானே இருக்கும்?' என்ற உங்கள் கேள்வி பல பெற்றோரிடமும் இருக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் சிக்குவதும் இங்கேதான்.

கூட்டாகச் செய்த செய்முறையில் அளவீடுகள் இருவருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். எந்தக் கரைசல் எத்தனை மில்லிலிட்டர், எத்தனை நிமிடம், அட்டவணையில் உள்ள எண்கள் ஆகியவற்றைப் பகிர்வது காப்பி ஆகாது. கூட்டாளியின் பெயரை முதல் பக்கத்தில் எழுதினால் போதும். அதற்கு மேல் எல்லாமே தனித்தனி: நோக்கத்தைச் சொல்லும் வாக்கியம், எதிர்பார்த்த முடிவும் அதற்கான காரணமும், வரைபடம், படங்கள், முடிவுகளின் விளக்கம், பிழை எங்கே வந்திருக்கலாம் என்ற பகுதி. ஒரே அட்டவணையைப் பார்த்து இரண்டு பேர் தனியாக எழுதினால் ஒருவர் 50 டிகிரியில் ஏன் வேகம் கூடியது என்று தொடங்குவார், இன்னொருவர் 80 டிகிரியில் ஏன் நின்றது என்று தொடங்குவார். ஒரே பத்தி ஒரே வரிசையில், ஒரே எழுத்துப் பிழையோடு வந்தால் ஆசிரியைக்கு அது கண்ணில் படாமல் போகாது.

'கொடுத்தவள் என் மகள், எடுத்தவள் இன்னொருத்தி, தண்டனை மட்டும் ஏன் சமம்?' இது நியாயமான கேள்விதான். ஆனால் விதித்தாளை எடுத்துப் பாருங்கள். கொடுப்பதும் எடுப்பதும் ஒன்றே என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். யார் எழுதியது, யார் பார்த்து எழுதியது என்று இரண்டு தாள்களை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க ஆசிரியையால் முடியாது என்பதுதான் காரணம். மகளிடம் கைப்பட எழுதிய முதல் வரைவோ, தேதியோடு சேமித்த கோப்போ இருந்தால் எடுத்துக் காட்டட்டும். 'நான் எழுதியது இது. அனுப்பியது என் தவறு. புதிதாக எழுதித் தந்தால் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்குமா?' என்று கேட்கலாம். கூட்டாளியைக் குற்றம் சாட்டும் பேச்சு வேண்டாம். ஆண்டு முழுக்க அதே மேஜையில் நிற்க வேண்டியவர்கள். இனிமேல் யாராவது அறிக்கையைக் கேட்டால் அட்டவணையை மட்டும் படமெடுத்து அனுப்பட்டும், எழுதிய பக்கங்களை அனுப்ப வேண்டாம்.

மதிப்பெண் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடலாம். ஆண்டில் 12 செய்முறைகள், அவற்றுக்கு மொத்தம் 30 மதிப்பெண் என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஒரு செய்முறைக்கு 2.5. பூஜ்ஜியத்தால் போனது 2.5. செருப்பு நாளில் பாதி போனதாகக் கொண்டால் இன்னொரு 1.25. நூற்றுக்கு 3.75 மதிப்பெண் இழப்பு. வருத்தம்தான், ஆனால் நீங்கள் பயப்படுவது போல ஒரு வருடமே போய்விடவில்லை. இதே குற்றச்சாட்டு இரண்டாம் முறை வந்தால் பல பள்ளிகளில் விதி இன்னும் கடுமையாக இருக்கும். அந்தப் பத்தியை மட்டுமாவது இன்று இரவு மகளும் நீங்களும் சேர்ந்து படியுங்கள்.

ஒயிட்னருக்கு அடியில் இருக்கும் எண்

இதை நீங்கள் 'சுத்தமாக எழுதுவதற்காக' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். அறிக்கையைக் கொடுத்ததை விட இதுதான் பெரிய தவறு. அளந்த எண்ணை அழித்து அளக்காத எண்ணை எழுதுவது அறிவியலில் பொய்க் கணக்கு. மகள் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை, 'சரியான விடை' எழுத நினைத்தாள் என்று நம்புகிறேன். ஆனால் அவள் அழித்த எண்தான் சரியாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

37 டிகிரி என்பது மனித உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் கணக்கு. ஆய்வகப் புட்டியில் வரும் அமைலேஸ் பெரும்பாலும் மனிதருடையதே இல்லை. பாக்டீரியாவிலிருந்தோ பூஞ்சையிலிருந்தோ எடுத்தது. பாக்டீரியா அமைலேஸ்களில் பல 60, 70 டிகிரியிலும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். தொழிற்சாலைகளில் அவற்றைப் பயன்படுத்துவதே அந்த வெப்பம் தாங்கும் குணத்துக்காகத்தான். புட்டியின் லேபிளில் எந்த உயிரியிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கும். மகள் அதைப் படித்திருந்தால் நோட்டில் ஒயிட்னர் பட்டிருக்காது.

இன்னொரு சாத்தியமும் உண்டு. மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்து வரும் கருநீலம், சூடாக்கினால் மங்கிவிடும். ஆறினால் திரும்ப வரும். வெள்ளை ஓட்டின் குழிகளில் அயோடினை விட்டு, அதில் ஒரு துளி கலவையை எடுத்து வைத்தால் துளி உடனே ஆறிவிடும், பிரச்சினை இல்லை. சூடான குழாய்க்குள்ளேயே அயோடினை ஊற்றியிருந்தால் நிறம் வராததற்குக் காரணம் என்சைமா, சூடா என்று சொல்ல முடியாது. மூன்றாவதாக, மாவுச்சத்துக் கரைசல் 5 மில்லிலிட்டரையும் அமைலேஸ் 1 மில்லிலிட்டரையும் தனித்தனிக் குழாய்களில் அந்தந்த வெப்பநிலையில் 5 நிமிடம் வைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். அறை வெப்பத்தில் கலந்துவிட்டுப் பிறகு சுடுநீரில் வைத்தால், குழாய் சூடேறும் நேரத்திலேயே பாதி வேலை முடிந்திருக்கும். எந்த எண்ணும் அந்த வெப்பநிலைக்கு உரியதாக இருக்காது. ஒரே சொட்டுக் குழாயைக் கழுவாமல் எல்லாவற்றிலும் முக்கியிருந்தாலும் இதே குழப்பம்தான்.

இவற்றில் எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. என்சைம் சேர்க்காத மாவுச்சத்தை 60 டிகிரியில் வைத்து, அதே இடைவெளியில் அயோடினோடு சோதித்துப் பார்க்க வேண்டும். கருநீலம் கடைசி வரை நின்றால், மகளின் குழாயில் நிறத்தைப் போக்கியது என்சைம்தான். கொதிக்க வைத்து ஆறவிட்ட அமைலேஸோடு இன்னொரு குழாய் வைத்தால் இன்னும் உறுதி. கன்ட்ரோல் என்ற பெயரில் விதித்தாளும் பாடப்புத்தகமும் ஓயாமல் வற்புறுத்துவது இந்தக் குழாய்களைத்தான்.

மரபியலின் தந்தை எனப்படும் கிரெகர் மெண்டல் 1866-ல் வெளியிட்ட பட்டாணிக் கட்டுரையில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850 என்று இருக்கிறது. விகிதம் 2.96-க்கு 1. அதை, தன் விதி எதிர்பார்க்கும் 3-க்கு 1 என்று அவர் திருத்தி எழுதவில்லை. அப்படியிருந்தும், அவருடைய எண்கள் மொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்ப்புக்கு மிக நெருக்கமாக இருக்கின்றனவே என்று 1936-ல் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் கேள்வி எழுப்பினார். அந்த விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. உயிருள்ள பொருளோடு செய்யும் சோதனையில் எண்கள் கச்சிதமாக வந்தால்தான் அனுபவசாலிகளுக்குச் சந்தேகம் வரும்.

இனி நோட்டில் என்ன செய்ய வேண்டும்? செய்முறை நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். படங்களுக்கு மட்டும் பென்சில். தவறு வந்தால் ஒரே கோடு, அடியில் உள்ள எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் புதிய எண், ஏன் மாற்றினாள் என்று இரண்டு சொல், தேதி, பெயரின் முதல் எழுத்து. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. துண்டுத் தாளில் குறித்து வீட்டில் 'அழகாக' ஏற்றக் கூடாது; அப்படி ஏற்றும்போதுதான் எண்கள் மாறுகின்றன. அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் போகும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ரெக்கார்டு நோட்டுக்கு அந்த அழகு தேவைப்படலாம். அளவீடு எழுதும் நோட்டுக்குத் தேவை உண்மை.

மகள் தானாகவே ஆசிரியையிடம் போய் 60 டிகிரி எண்ணை மாற்றியதைச் சொல்லட்டும் என்பது என் கருத்து. ஆபத்து இல்லாமல் இல்லை. இரண்டாவது குற்றமாகவும் பதியலாம். ஆனால் நீங்கள் புகார் கொடுத்து நோட்டுகளை யாராவது விளக்கில் பிடித்துப் பார்த்தால் இது எப்படியும் வெளியே வரும். அப்போது மறைத்ததாக ஆகிவிடும். தானே சொல்லி, 'அந்த எண் ஏன் வந்தது என்று கன்ட்ரோல் வைத்துத் திரும்பப் பார்க்கலாமா?' என்று கேட்கும் மாணவியைத் துரத்திவிடும் உயிரியல் ஆசிரியர்கள் குறைவு.

தவளை அறுக்கும் வகுப்பு

காய்ச்சல் கடிதம் வேண்டவே வேண்டாம். பொய் என்று தெரிந்தால் நேர்மைக் குறைவு என்ற பதிவு இன்னொன்று சேரும். தெரியாவிட்டாலும், விடுபட்ட செய்முறையை வேறொரு நாளில் அதே தவளையோடு செய்யச் சொல்வார்கள். மகளின் தயக்கம் அப்படியே இருக்கும், நாள் மட்டும்தான் தள்ளிப் போயிருக்கும்.

மனசாட்சிக் காரணத்துக்காக விலங்கை அறுக்க மறுப்பது ஒழுங்கீனம் ஆகாது. சில இடங்களில் சட்டமே இதற்கு இடம் தருகிறது. உதாரணமாக, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1988 முதல் இருக்கும் சட்டப்படி, மாணவர் தன் மறுப்பை ஆசிரியரிடம் சொல்லி, பெற்றோர் கடிதம் கொடுத்தால், ஆசிரியர் மாற்று வேலை ஒன்றை ஏற்பாடு செய்யலாம். அந்த மாற்று வேலை அறுவை வகுப்புக்கு ஈடான நேரத்தையும் உழைப்பையும் கேட்பதாக இருக்க வேண்டும். மறுத்ததற்காக மதிப்பெண்ணில் பாகுபாடு காட்டக் கூடாது. எல்லா இடத்திலும் இப்படிச் சட்டம் கிடையாது. உங்கள் தேர்வு வாரியத்தின் செய்முறைத் தேர்வில் விலங்கு அறுவை கட்டாயமா என்பதைப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயம் இல்லை என்றால் மாற்று கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

முழுதாக விலகுவதா, பாதி கலந்துகொள்வதா என்று மகளே முடிவு செய்யட்டும். கத்தியைத் தொடாமல் உடன் நின்று, உறுப்புகளை அடையாளம் கண்டு படம் வரைவது சிலருக்குப் போதும். பார்க்கவே முடியாது என்றால் பிளாஸ்டிக் மாதிரியோ கணினி உருவகமோ கேட்கலாம். மாற்று வேலை எளிதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மூன்று அறை இதயம், ஈரலின் மடல்கள், குடலைப் பிடித்திருக்கும் சவ்வு எல்லாமே தேர்வில் எல்லோருக்கும் போல அவளுக்கும் வரும். கடிதத்தில் மறுப்புக்கான காரணத்தை இரண்டு வரியிலும், எந்த மாற்றை விரும்புகிறாள் என்பதையும், அதே பாடத்தில் அதே தேர்வை எழுதுவாள் என்பதையும் எழுதி, இந்த வாரமே கொடுங்கள். முந்தின நாள் கொடுத்தால் மாதிரியும் தயாராக இருக்காது, ஆசிரியைக்கும் நேரம் இருக்காது.

அவள் உள்ளே போவதாக முடிவு செய்தால், வீசிங் காரணமாக இன்னும் சில கேள்விகள் உண்டு. மாதிரி எந்தத் திரவத்தில் பதப்படுத்தியது? அறுப்பதற்கு முன் ஓடும் நீரில் நன்றாக அலசுவார்களா? சன்னல்கள் திறந்திருக்குமா, காற்றை வெளியேற்றும் விசிறி உண்டா? ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு பள்ளி வகுப்பை நினைத்து மிரள வேண்டாம். ஆனால் மூடிய அறையில் தட்டின் மேல் குனிந்து முக்கால் மணி நேரம் நிற்பது வீசிங் உள்ள பிள்ளைக்கு ஏற்றதில்லை. மருத்துவர் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு மனசாட்சிக் கடிதத்தை விட வேகமாக வேலை செய்யும். அதற்காக, இல்லாத தீவிரத்தை எழுதித் தரச் சொல்லாதீர்கள். இருப்பதை எழுதினாலே போதும்.

யாரிடம், எந்த வரிசையில்

புகாரோடு தலைமை ஆசிரியரிடம் போவது உங்கள் உரிமை. ஆனால் இப்போதைய நிலையில் அதைக் கடைசிப் படியாக வையுங்கள். செருப்பு விஷயத்திலும் அறிக்கை விஷயத்திலும் நீங்கள் கையெழுத்திட்ட தாளே உங்களுக்கு எதிராக நிற்கும். நியாயமான ஒரு குறை அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போய்விடும். வகுப்பின் முன் பெயர் சொல்லி 'காப்பி' என்று சொன்னதுதான் நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தக் குறை. அது தவறு. ஒரு மாணவியின் மதிப்பெண்ணும் தண்டனையும் அவளோடும் பெற்றோரோடும் பேச வேண்டியவை. விதி மீறியவருக்கும் அந்த மரியாதை உண்டு. இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதலில் மகள் தனியாக ஆசிரியையைப் பார்க்கட்டும். பாடவேளைக்கு நடுவிலோ மணியடித்த அவசரத்திலோ வேண்டாம். நேரம் கேட்டு, பத்து நிமிடம். 16 வயதுப் பெண் தன் நோட்டைத் திறந்து தானே பேசுவதற்கும், அம்மா பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. அமைலேஸ் அறிக்கைக்கு எந்தப் பகுதியில் எத்தனை மதிப்பெண் போனது என்ற பிரிவைக் கேட்கலாம், மறுபடி எழுத வாய்ப்புக் கேட்கலாம், தவளை வகுப்புக்கான கடிதத்தைக் கொடுக்கலாம். அன்று மாலையே நீங்கள் ஆசிரியைக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

'மகள் உங்களைச் சந்தித்ததாகச் சொன்னாள், நன்றி. விதிகளை முழுதாகப் படித்துவிட்டோம். மருத்துவ விவரத்தை இத்துடன் அனுப்புகிறேன், ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கைக்கான முடிவை ஏற்கிறோம். ஆனால் வகுப்பின் முன் அவள் பெயர் சொல்லப்பட்டது அவளை மிகவும் பாதித்திருக்கிறது. இனி இப்படிப்பட்டவற்றை எங்களோடு தனியாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றாலோ, மருத்துவ விவரத்தையோ தவளை வகுப்புக்கான கோரிக்கையையோ காரணம் சொல்லாமல் தள்ளினாலோ, அறிவியல் துறைத் தலைவரிடம் போங்கள், அதன் பிறகு தலைமை ஆசிரியர். அப்போது உங்கள் கையில் தேதியோடு கடிதங்கள் இருக்கும். கேட்பதும் தெளிவாக இருக்கும்: பாதுகாப்பு, மரியாதை, மாற்று வேலை.

பாடத்தை மாற்றுவது பற்றி: வேதியியலிலும் இதே ஷூ, இதே கண் கவசம், இதே நோட்டு விதிகள்தான், அமிலங்கள் இருப்பதால் இன்னும் கண்டிப்பாகவே இருக்கும். விதிகளிலிருந்து தப்பிக்க மாறினால் பயனில்லை. மகளுக்கு உயிரியலில் ஆர்வமே இல்லை என்றால் அது வேறு கேள்வி. அதைத் தவளை வகுப்பு முடிந்து, அமைலேஸ் அறிக்கையை அவள் ஒயிட்னர் இல்லாமல் மறுபடி எழுதிய பிறகு அவளிடமே கேளுங்கள்.